ஒரு கடிதத்துக்கு ஆயிரம் முகவரி, ஒரு முகவரிக்கு ஆயிரம் கடிதம்

மின்னஞ்சலை முடக்கும் இரண்டு வழிகள் 1997ஆம் ஆண்டில், சில மாத இடைவெளியில், வெளிச்சத்துக்கு வந்தன. முதலாவதைக் காட்டியவர் வீட்சே வெனெமா என்ற நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர். டேனியல் பெர்ன்ஸ்டீன் எழுதிய கியூமெயில் என்ற அஞ்சல் சேவையக மென்பொருளைச் சின்னஞ்சிறு நிரல் ஒன்றால் திணறடிக்க முடியும் என்று அவர் நிறுவினார். இரண்டாவது நம் நாடான இலங்கையின் வெளிநாட்டுத் தூதரகங்களைத் தாக்கியது. இணையக் கரும்புலிகள் என்று தம்மை அழைத்துக்கொண்டவர்கள் நாளொன்றுக்கு 800 மின்னஞ்சல் வீதம் இரண்டு வாரம் அனுப்பினார்கள். அமெரிக்க வெளியுறவுத் திணைக்களத்தின் 1997ஆம் ஆண்டறிக்கை இதை ஆகஸ்ட் மாதத்துச் சம்பவமாகக் குறிக்கிறது. செய்தி பரவலானது அடுத்த ஆண்டில் என்பதால் பல நூல்கள் 1998 என்றே எழுதுகின்றன.

முன்னது ஆய்வாளர் விடுத்த எச்சரிக்கை, பின்னது போர்க்காலத் தாக்குதல். நோக்கத்தில் இரண்டும் எதிரெதிர்த் துருவங்கள். ஆனால் அமைப்பை உற்றுப் பார்த்தால் ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றது வருகிறது.

வெனெமாவின் நிரல் தொடங்குவது ஒரே ஒரு கடிதத்தை. அனுப்புநர் யார் என்று சொல்கிறது. சேவையகம் 250 என்ற எண்ணால் சரி என்கிறது. இன்னாருக்கு என்று ஒரு பெறுநர் முகவரி தருகிறது, மீண்டும் 250. இன்னொருவருக்கும் என்கிறது, 250. இப்படியே முகவரிகள் வந்துகொண்டிருக்கும், கடிதத்தின் உள்ளடக்கம் மட்டும் வரவே வராது. உள்ளடக்கம் வந்து சேரும்வரை முகவரிகளை நினைவகத்தில் வைத்திருப்பது சேவையகத்தின் கடமை. அந்தக் கடமையைச் செய்துசெய்தே இயந்திரத்தின் நினைவகம் தீர்ந்துபோகும். தூதரகங்களுக்கு நேர்ந்தது இதன் மறுதலை: ஒவ்வொரு கடிதமும் முழுமையானது, உள்ளடக்கம் உடையது, ஒரே பெறுநருக்கு உரியது, கடிதங்கள்தாம் ஓயவில்லை. அங்கே ஒரே உறையில் முடிவில்லாத முகவரிகள். இங்கே ஒரே முகவரிக்கு முடிவில்லாத உறைகள்.

இரண்டிலும் விதி எதுவும் மீறப்படவில்லை என்பதுதான் என்னை மிகவும் வியக்கவைக்கும் உறவு. மின்னஞ்சல் பரிமாற்றத்துக்கான 1982ஆம் ஆண்டு விதிநூல், ஒரு கடிதத்துக்குக் குறைந்தது 100 பெறுநர்களை ஏற்கும் வசதி வேண்டும் என்றது. அதோடு நிற்காமல், இயன்றவரை எந்த உச்சவரம்பும் இல்லாமல் எழுதுங்கள் என்று பெரிய எழுத்துகளில், கட்டம் கட்டி வலியுறுத்தியது. பெர்ன்ஸ்டீன் அந்த அறிவுரைக்கு உண்மையாக இருந்தார். அதற்கு வலுவான காரணமும் இருந்தது. 1988இல் மொரிஸ் புழு என்ற தீநிரல் பரவிய வழிகளில் ஒன்று, அளவு குறித்த ஓர் இடத்தில் அளவுக்கு மீறிய எழுத்துகளைத் திணிப்பது. தேவைக்கேற்ப விரியும் நினைவகம் அந்த நோய்க்கு நல்ல மருந்து. அதே மருந்து இன்னொரு நோய்க்கு இடம்கொடுத்துவிட்டது. தூதரகத்தின் நிலையும் இதற்கு இணையானது. யார் எழுதினாலும் வாங்கிப் படிப்பது அதன் பணி. திறந்த கதவு அதன் பலவீனமாயிற்று.

அளவில் மட்டும் இரண்டும் ஒட்டவில்லை. நாளுக்கு 800 என்றால் ஏறத்தாழ 108 வினாடிக்கு ஒன்று. இன்றைய எளிய சேவையகம்கூட ஒரு நாளைக்கு உரிய அந்தத் தொகையைச் சில நொடிகளில் வாங்கி வைத்துவிடும். தொலைபேசி வழியாக இணையத்தில் இணைந்து, ஒவ்வொன்றாக இறக்கிப் படித்த காலத்தில் அது பெரும் பாரம். அப்போதும் முதலில் சோர்ந்திருக்கக்கூடியது இயந்திரத்தைவிட அதன் முன்னே உட்கார்ந்திருந்த எழுதுவினைஞரே. வெனெமாவின் நிரல் வீழ்த்தியது இயந்திரத்தின் நினைவகத்தை. 800 கடிதங்கள் விழுங்கியது மனிதரின் வேலைநேரத்தை.

இனித் திருத்தத்துக்கு வருவோம். கியூமெயிலின் குறைக்கு இரண்டு தீர்வுகள் முன்வைக்கப்பட்டன. வரம்பு நிரலுக்கு வெளியே இருக்கட்டும் என்றார் பெர்ன்ஸ்டீன். இயங்குதளத்திடம், இந்த நிரலுக்கு இவ்வளவு நினைவகம்தான் என்று சொல்லிவைத்தால் போதும். அத்துமீறும் இணைப்பு மட்டும் அறுந்துபோகும், ஏனைய அஞ்சல் தடையின்றி ஓடும். வெனெமாவின் சாய்வு மறுபக்கம். அவர் ஐபிஎம் ஆய்வகத்தில் உருவாக்கி 1998 டிசம்பரில் வெளியிட்ட அஞ்சல் மென்பொருள் இன்று போஸ்ட்ஃபிக்ஸ் என்ற பெயரில் உலகெங்கும் ஓடுகிறது. அதில் வரம்புகள் நிரலின் உள்ளேயே இருக்கின்றன: ஒரு கடிதத்துக்கு 1000 பெறுநர். அதைத் தாண்டும் முகவரிக்கு 452 என்ற எண் மறுமொழியாகப் போகும். தற்காலிகமாக இடமில்லை, மீதியைப் பிறகு கொண்டுவா என்பது அதன் பொருள். நேர்மையான அனுப்புநர் எஞ்சிய முகவரிகளோடு திரும்ப வருவார். ஒரு கடிதமும் தொலையாது. மறுப்பிலேயே மறுவாய்ப்பைப் பொதிந்து வைத்த இந்த ஏற்பாட்டை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

இருவரையும் எதிரணியினர் என்று கொள்வது தவறாகும். சென்ட்மெயில் என்ற பழைய அஞ்சல் மென்பொருளின் ஒற்றைப் பெருநிரலைக் கைவிட்டு, ஒன்றையொன்று கண்மூடி நம்பாத சிறுசிறு நிரல்களாக அஞ்சலைப் பகுத்தவர்கள் இருவருமே. பிரிவது ஒரே ஒரு கேள்வியில்தான்: அளவை நிர்ணயிக்கும் பொறுப்பு எழுதியவருக்கா, நிறுவுபவருக்கா?

காலம் இதற்கு ஒரு விடை தந்திருக்கிறது. 2005இல் ஜோர்ஜி குனின்ஸ்கி என்ற ஆய்வாளர், நினைவகம் மிகுந்த 64 பிட் இயந்திரங்களில் கியூமெயிலின் எண்ணிக்கைகள் நிரம்பி வழியும் என்று காட்டினார். ஒரு சிறு நிரலுக்கு கிகாபைட் கணக்கில் யாரும் நினைவகம் கொடுப்பதில்லை என்று பெர்ன்ஸ்டீன் அதை ஏற்கவில்லை. 2020 மே மாதம் குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதே குறையைத் திரும்ப எடுத்தார்கள். வெளிவாசலில் நிற்கும் நிரலுக்கு நினைவக வரம்பு வைப்பது வழக்கம். உள்ளே கடிதத்தைப் பெட்டியில் சேர்க்கும் நிரலுக்கு இயல்பான நிறுவலில் அப்படியொன்று இல்லை. அந்த வழியாகச் சேவையகத்தில் தொலைவிலிருந்தே கட்டளைகளை ஓட்ட முடியும் என்று செய்து காட்டினார்கள். பெர்ன்ஸ்டீனின் தர்க்கம் பிழையற்றது. அதை ஒவ்வொரு சேவையகத்திலும் நிறைவேற்ற வேண்டியிருந்தவர்கள் அறிமுகமில்லாத ஆயிரம் நிர்வாகிகள்.

பிறர் கையில் விட்ட பாதுகாப்பு என்னவாகும் என்பதை நம் அரசாங்க மின்னஞ்சலே அறியும். 2023இல் இலங்கை அரச மேகக்கணினியில் ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013 பதிப்பு. அதற்கான ஆதரவு ஏப்ரல் 11இலேயே முடிந்திருந்தது. ஆகஸ்டில் கப்பம் கேட்கும் தீநிரல் புகுந்தது. ஏறத்தாழ 5000 முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள், பிரதி எடுத்து வைக்கப்படாததால், மீளவில்லை. வகையால் இது வேறு தாக்குதல். புதுப்பித்தல் என்ற மருந்து இருந்தும் உரிய வேளையில் வந்து சேரவில்லை என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

தூதரக வெள்ளத்துக்கான திருத்தம் இன்னும் கடினம். 1000 பெறுநர் என்ற வரம்பு அங்கே உதவாது, ஏனெனில் ஒவ்வொன்றுக்கும் பெறுநர் ஒருவரே. ஒரே இடத்திலிருந்து வரும் கடிதங்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வசதி போஸ்ட்ஃபிக்ஸில் பின்னர் சேர்ந்தது. ஆனால் குறித்த நேரத்தில் இத்தனை கடிதம் என்ற அதன் வரம்பு இயல்பாக வரும்போது பூச்சியம், அதாவது வரம்பே இல்லை. அதை மாற்றாத நிர்வாகியின் வாசலில் அந்த 800 கடிதங்கள் இன்றும் தடையின்றி நுழையும். பல இடங்களிலிருந்து வரும் வெள்ளத்துக்கு அந்த வரம்பை வைத்தாலும் போதாது. 2016 ஆகஸ்டில் அமெரிக்க அரசாங்க முகவரிகள் பலவற்றை, உரிமையாளருக்குத் தெரியாமல், ஆயிரக்கணக்கான செய்திமடல்களில் யாரோ பதிந்துவிட்டார்கள். வந்து குவிந்தவை யாவும் நேர்மையான நிறுவனங்களின் மடல்கள். அதைத் திருத்த வேண்டிய இடம் பாதிக்கப்பட்டவரின் சேவையகம் அன்று. முகவரிக்கு உரியவரிடம் ஒரு முறை உறுதி கேட்காத மடல் நிறுவனங்களின் மென்பொருள். கியூமெயில் குறையின் மருந்து நிரலாளரின் விசைப்பலகையில் இருந்தது. கடித வெள்ளத்தின் மருந்து அயலாரின் நன்னடத்தையில் இருக்கிறது.

ஓரிடத்திலிருந்து இத்தனை என்று எண்ணும் இந்த முறையை மலையகத்து மடுல்சீமையிலிருந்து பார்க்கும்போது எனக்கு ஒரு கவலை எழுகிறது. மலையகத் தோட்டங்களில் லயத்து அறைகள் பலவற்றுக்கு இன்றும் தனி முகவரி கிடையாது. பெயர், பிரிவு, தோட்டம், மடுல்சீமை என்று எழுதினால் கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்து கைமாறிக் கைமாறி வீடு சேரும். நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரே வாசல். அது தாமதித்தால் நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு தேதி கடந்த பின் பிள்ளையின் கையில் கிடைக்கும். கைப்பேசி இணையத்திலும் ஏறக்குறைய இதே நிலை: ஐபி முகவரிகள் பற்றாததால், ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல சந்தாதாரர்களைச் சேவை நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. ஐபி முகவரியை வைத்து எண்ணும் சேவையகத்துக்கு அவர்கள் அனைவரும் ஓர் ஆள். ஒரு கைப்பேசியில் தீநிரல் புகுந்து கடிதங்களை வாரி இறைத்தால், வேலைக்கு விண்ணப்பம் அனுப்பும் பக்கத்து லயத்துப் பிள்ளையும் அந்தத் தடைக்குள் சிக்கலாம்.

ஆகவே வரம்பு வைப்பவர் எதை எண்ணுகிறோம் என்பதையும் தீர்மானிக்க வேண்டும். கடவுச்சொல் கொடுத்து உள்ளே வருபவரை ஐபி முகவரியால் எண்ணாமல் கணக்கின் பெயரால் எண்ணலாம். போஸ்ட்ஃபிக்ஸின் உள்ளமைந்த எண்ணி இதைச் செய்வதில்லை. தனிக் கொள்கை நிரல் ஒன்றை அதனுடன் இணைக்க வேண்டும். பதுளையிலோ பசறையிலோ ஒரு காரியாலயத்துக்கு அஞ்சல் சேவையகம் அமைப்பவருக்கு அது சிறிய வேலைதான்.