ஐந்நூறு ஏவுகணைக் கப்பலும் நமது முல்லைத்தீவுக் கடலும்

தரம் 10, 11 பிள்ளைகள் இப்போது கைபேசியில் போர்க்கப்பல் காணொளிகளை விரும்பிப் பார்க்கிறார்கள். "சேர், ஒரே கப்பலில் ஐந்நூறு ஏவுகணை இருந்தால் அந்த நாட்டை யாரால் வெல்ல முடியும்?" என்று ஒரு கேள்வி வந்தது. வகுப்பில் சுருக்கமாகத்தான் சொல்ல முடிந்தது. பதிலின் ஒரு பகுதி நமது கரையிலேயே இருப்பதால் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அப்படி ஒரு கப்பலைக் கட்ட அமெரிக்கா உண்மையாகவே யோசித்தது. 1990களின் நடுப்பகுதியில் அந்நாட்டுக் கடற்படைத் தளபதியாக இருந்த அட்மிரல் ஜெரமி பூர்டா முன்னின்று தள்ளிய திட்டம் அது. ‘ஆர்சனல் ஷிப்’ என்று பெயர். ஆயுதக் களஞ்சியக் கப்பல் என்று நாம் சொல்லலாம். சுமார் 500 ஏவுகணைக் குழாய்கள், ஐம்பது பேருக்கு மேற்படாத மாலுமிகள். அக்காலத்து நாசகாரிக் கப்பல் ஒன்றில் முந்நூறு பேரளவில் வேலை செய்தார்கள், குழாய்கள் நூறுக்கும் குறைவு. ஆகவே ஆள் செலவு குறையும், பெரிய தாக்குதலுக்குத் தேவையான அத்தனையும் ஒரே இடத்தில் தயாராக நிற்கும், விமானியின் உயிரையும் பணயம் வைக்கத் தேவையில்லை. கணக்கு கவர்ச்சியாகத்தான் இருந்தது.

ஆனால் விலையைக் குறைக்க, கப்பலுக்குச் சொந்தமாகப் பெரிய ராடர் எதுவும் வைக்கவில்லை. இலக்கு எங்கே என்பதை வேறு கப்பலோ விமானமோ சொல்லவேண்டும். அந்தத் தொடர்பு அறுந்தால் அது கண் தெரியாத பூதம். குழாய்கள் காலியானால் நடுக்கடலில் நிரப்பவும் முடியாது, துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய குறை சாதாரணக் கணக்கு. பத்துக் கப்பல்களில் ஐம்பது ஐம்பதாக வைத்தால், ஒன்று மூழ்கினாலும் 450 மிஞ்சும். ஒரே கப்பலில் வைத்தால் மிச்சம் பூச்சியம். 1996 மே மாதம் பூர்டா இறந்தார். 1997 இல் திட்டமே கைவிடப்பட்டது. பின்னர் ஒகாயோ வகை நீர்மூழ்கிகள் நான்கை மாற்றியமைத்து, ஒவ்வொன்றிலும் 154 டோமஹோக் ஏவுகணைகளை வைத்தார்கள். கடலுக்கடியில் ஒளிந்திருப்பதால் இலக்காவது கடினம். 2011 இல் லிபியா மீது அவற்றில் ஒன்றான ‘புளோரிடா’ மட்டும் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றை ஏவியது.

ஏவுகணைக் கப்பலின் வரலாறு பெரிய கப்பலில் தொடங்கவில்லை என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும். 1967 ஒக்டோபர் 21 இல் போர்ட் சயீத்துக்கு அப்பால், எகிப்தின் சிறிய ஏவுகணைப் படகுகள் இஸ்ரேலின் ‘எய்லாத்’ நாசகாரியை மூழ்கடித்தன. 47 பேர் இறந்தார்கள். உலகக் கடற்படைகள் எல்லாம் திடுக்கிட்ட நாள் அது. 1971 டிசெம்பரில் இந்தியாவின் ஏவுகணைப் படகுகள் கராச்சிவரை சென்று பாகிஸ்தானின் ‘கைபர்’ நாசகாரியை மூழ்கடித்தன. இஸ்ரேலும் பாடம் படித்து, 1970களில் ஹைஃபாவில் ‘சார் 4’ என்ற சுமார் 58 மீற்றர் நீளமான ஏவுகணைக் கப்பல்களைக் கட்டியது.

இந்தக் கதை நம் பக்கம் திரும்புவது இங்கேதான். 2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்தது. அடுத்த மாதமே இலங்கை அரசு இஸ்ரேலுடன் முழு இராஜதந்திர உறவை மீண்டும் ஏற்படுத்தியது. அந்த ஆண்டு இறுதியில் இரண்டு பழைய ‘சார் 4’ கப்பல்கள் நந்திமித்ர, சுரனிமல என்ற பெயர்களில் நமது கடற்படைக்கு வந்தன.

ஏவுகணையோ பெரிய போர்க்கப்பலைத் தேடி அடிக்கச் செய்யப்பட்டது. இங்கே எதிரே இருந்தவை அலைக்குள் மறையும் கண்ணாடியிழைப் படகுகள். அதற்கு முன்பே, 1996 ஜூலை 19 இல் முல்லைத்தீவு முகாம் சண்டையின்போது ‘ரணவிரு’ பீரங்கிக் கப்பலைக் கடற்புலிகளின் தற்கொலைப் படகுகள் மூழ்கடித்திருந்தன. (1990 இல் வெளியேற்றப்பட்ட எங்கள் பெரியவர்கள் அப்போது புத்தளத்தில் அகதிகள். ஊர்க் கடலின் செய்தியை வானொலியில் கேட்டார்கள்.)

2005 இல் தளபதியான வசந்த கரன்னாகொட பெரிய கப்பலை நம்பியிருக்கவில்லை. உள்நாட்டிலேயே கட்டிய 23 அடி ‘அரோ’ படகுகளைக் கூட்டம் கூட்டமாக இறக்கினார். அதற்கு அவர் எடுத்த அடிப்படை லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளரின் வர்க்க விதி. பலம் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். சமதரமான பத்துப் படகும் ஐந்து படகும் மோதினால் 100 இலிருந்து 25 போக 75. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 8.7. அதாவது ஐந்தும் அழியும், பத்தில் ஒன்பதளவு மிஞ்சும். கணித ஆசிரியர்கள் இதை வகுப்பில் பயன்படுத்தலாம்.

பெரிய கப்பலால் பயனே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2007 செப்டெம்பர், ஒக்டோபரில் ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால் புலிகளின் ஆயுதக் கப்பல்கள் நான்கு அழிக்கப்பட்டன. அவ்வளவு தூரம் ‘அரோ’ படகு போகாது, சயுர, சமுதுர போன்ற கப்பல்கள்தான் போயின. ஆனால் அங்கே வேலை செய்தது நெடுந்தூரம் ஓடும் ஆற்றலும் பீரங்கியும்தான். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் செத்த கடல் இது. கரையில் இருந்த சனம் பட்டதை நான் எழுதித்தான் நீங்கள் அறியவேண்டும் என்பதில்லை. காணொளியில் அது வராது. அதனால்தான் பிள்ளைகளிடம் கணக்கோடு இதையும் பேச வேண்டியிருக்கிறது.

இன்று நமது கடலில் உள்ள பிரச்சினை வேறு. இழுவைமடிப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போகின்றன. அதற்கு வேண்டியது ரோந்து, பேச்சுவார்த்தை, நட்டஈடு. 2024 டிசெம்பர் 19 இல் நூற்றுக்கும் மேற்பட்ட றோகிங்கிய மக்கள் குழந்தைகளோடு முள்ளிவாய்க்கால் கரைக்கு ஒதுங்கினார்கள். அலைந்துகொண்டிருந்த அந்தப் படகைக் கண்டு சொன்னவர்கள் நமது மீனவர்கள். கடற்படை திருகோணமலைக்குக் கொண்டுபோகும் முன்பே, ஊர்ச்சனம் அவர்களுக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்திருந்தது.