சம்பந்தி ஜாகை

விவாகத்தைப் பற்றி நம் முன்னோர் எழுதிவைத்த சாஸ்திரங்களில் ஹோமத்துக்கு விதி உண்டு, தாரை வார்ப்பதற்கு விதி உண்டு, அக்கினியைச் சுற்றி எடுத்துவைக்கும் அடிகளுக்குக்கூட எண்ணிக்கை உண்டு. முகூர்த்தத்துக்கு முதல் நாள் அந்திப் பொழுதில் வண்டி வண்டியாக வந்து இறங்கும் இருநூறு பேர் அன்றிரவு எங்கே தலை சாய்ப்பது என்பதற்கு மட்டும் எந்த ரிஷியும் ஒரு சூத்திரம் செய்துவைக்கவில்லை. அதை ஊர் பார்த்துக்கொண்டது. ஊர் பார்த்துக்கொண்ட அந்தக் காரியத்துக்கு நம் தாத்தாக்கள் காலத்தில் வழங்கிய பெயர் ஜாகை.

ஜாகை என்பது தமிழ்ச் சொல்லன்று. பாரசீகத்தில் பிறந்து இந்துஸ்தானி வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. ஹைதர் அலி 1755-ல் மைசூர் அரசின் பௌஜ்தாராகத் திண்டுக்கல் கோட்டைக்கு வந்தது முதல் பட்டாளமும் கச்சேரியும் இந்தச் சீமையில் இறைத்துவிட்டுப்போன எத்தனையோ சொற்களோடு இதுவும் இங்கே வேரூன்றியிருக்கலாம். சிப்பாய் கூடாரமடித்த இடத்தைக் குறித்த சொல், மாப்பிள்ளை வீட்டார் மூட்டை இறக்கும் இடத்துக்கு வந்து பொருந்தியதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது; இரண்டும் ஒருவகைப் படையெடுப்புத்தானே! கொங்கு நாட்டு வழக்கில் இதற்கே விடுதி வீடு என்று அழகான தமிழ்ப் பெயர் உண்டு.

நான் சொல்லவந்த ஊர் பாலசமுத்திரம். பழனிக்குத் தெற்கே சில மைல் தொலைவில், மலைத்தொடரின் நிழல் மாலையில் வந்து விழும் தூரத்தில், தென்னையும் மாவும் கொய்யாவும் சூழ்ந்து கிடக்கும் இந்தப் பேரூர், நாயக்கர் காலத்தில் ஒரு பாளையத்தின் தலைமை இடமாக விளங்கியது. அகோபில வரதராஜப் பெருமாள் என்ற தெலுங்கு தேசத்து வாசனை வீசும் திருநாமத்தோடு இங்கே ஒரு கோயில் இருப்பது அந்தக் காலத்தின் ஞாபகமே. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி திண்டுக்கல் சீமை கும்பினியார் வசமான பிறகு பாளையத்தின் ஆரவாரம் அடங்கிற்று. உபசாரத்தின் ஆரவாரம் அடங்கவில்லை. ஏன் அடங்க வேண்டும்? பக்கத்திலுள்ள ஆவினன்குடி, மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் ஆண்ட பூமி. மயிலுக்கே போர்வை கிடைத்த நாட்டில் சம்பந்திக்கு ஒரு ஜமக்காளம் கிடைக்காமற் போகுமா?

அந்த நாளில் கலியாணம் மூன்று நாள். சில குலங்களில் ஐந்து நாள். தேதி குறித்தவுடன் பெண்ணின் தகப்பனார் செய்யும் முதற் காரியம் மளிகைச் சாமான் ஜாபிதா எழுதுவதன்று. மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வீதியில் இறங்கி, எதிர்வீட்டுக்காரரிடமும் மேலவீட்டுக்காரரிடமும் வீடு கேட்பது. கேட்பது என்றால் வாடகைக்குக் கேட்பதல்ல. "நம்ம பொண்ணுக்குக் கலியாணம் வெச்சிருக்குதுங்க, மாமா" என்பார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டார். "அதுக்கென்ன மாப்பிள்ளை, வீட்டை ஒழிச்சு விட்டுடறோம்" என்று பதில் வரும். வீட்டை ஒழித்து விடுவது என்ற இந்த வாக்கியத்துக்குள் ஒரு குடும்பமே தன் தானியக் குதிரையும் பால்மாட்டையும் பெட்டி பேழையையும் பின்கட்டுக்கு நகர்த்திவிட்டு, முன்கட்டையும் கூடத்தையும் திண்ணையையும் முகமறியாத மனிதர்களுக்கு மூன்று நாளைக்கு விட்டுக்கொடுக்கும் சங்கதி அடங்கியிருந்தது. உள்ளறைக்குத் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு ஒன்று தொங்கும். மற்ற இடமெல்லாம் திறந்த இடம்.

எந்த வீடு யாருக்கு என்று பிரிப்பதில்தான் பெண் வீட்டாரின் சாமர்த்தியம் அத்தனையும் வெளிப்பட்டது. சம்பந்தி ஜாகை பந்தலுக்குக் கிட்டத்தில் இருக்கவேண்டும், ஆனால் கோட்டை அடுப்பின் புகை வந்து சேரும் அளவுக்குக் கிட்டத்தில் இருக்கலாகாது; கொல்லையில் கிணறு இருக்கவேண்டும்; பெண்கள் ஸ்நானம் செய்யக் கீற்றுத் தட்டி கட்டியிருக்கவேண்டும்; மாப்பிள்ளையின் அத்தையும் சிற்றப்பன் மனைவியும் பேசிக்கொள்ளாதவர்களாக இருந்தால் இருவருக்கும் நடுவில் ஒரு முற்றமாவது குறுக்கே இருக்கவேண்டும். விடியற்காலம் நாலு மணிக்கு அண்டாவில் வெந்நீர் கொதிக்கவேண்டும். எண்ணெயும் சீயக்காயும் கிண்ணங்களில் தயாராக இருக்கவேண்டும். காப்பி நம் நாட்டில் குடியேறிய பிறகு, அதுவும் வெந்நீருக்கு முன்னால் வரவேண்டும். இவ்வளவுக்கும் பொறுப்பாக ஜாகை வாசலில் ஒரு வாலிபன் நியமிக்கப்பட்டிருப்பான். பெண்ணுக்குத் தம்பி முறையாகும் அந்தப் பையன் மூன்று நாளும் தூங்கியதாக யாரும் கண்டதில்லை. சம்பந்திச் சண்டைகள் சீர்வரிசையில் தொடங்குவதாகச் சொல்வது வெளியாருக்குச் சொல்லும் காரணம். பாதிச் சண்டைகளுக்கு மூலம் ஆறிப்போன வெந்நீர்.

மனிதர்களுக்கு மட்டுமா ஜாகை? காங்கேயத்துக் காளைகள் பூட்டிய வில்வண்டிகளும் கூண்டு வண்டிகளும் இருபது முப்பது வந்து நின்றால், அந்தக் காளைகளும் விருந்தாளிகளே. அவற்றுக்கு மர நிழல் வேண்டும், தண்ணீர்த் தொட்டி வேண்டும், வைக்கோலும் ஊறவைத்த பருத்திக்கொட்டையும் வேண்டும். சம்பந்தி தம் உபசாரத்தில் ஒரு குறை இருந்தாலும் பொறுத்துக்கொள்வார். தம் காளைக்குப் பருத்திக்கொட்டை குறைந்ததை அடுத்த தலைமுறை வரை சொல்லிக்கொண்டிருப்பார். இன்று கார் நிறுத்த இடமில்லை என்று மண்டபத்து வாசலில் முகம் சுளிப்பவர் அந்தப் பரம்பரையில் வந்தவர்.

இதிலே கவனிக்கத்தக்க விஷயம் ஒன்று. பணமாக வந்தது மொய் நோட்டில் ஏறியது. ஊர், பேர், தொகை என்று வரிசையாக எழுதி, திருப்பிச் செய்யும் காலம் வரையில் பெட்டிக்குள் பத்திரமாகக் கிடந்தது. வீட்டை ஒழித்து விட்டவர் பெயர் எந்த நோட்டிலும் ஏறவில்லை. ஆயினும் அதுவே எல்லாவற்றிலும் பெரிய கடன். எதிர்வீட்டில் பந்தக்கால் நடுகிற நாளில் யாரும் கேட்பதற்கு முன்னால் இவர் வீட்டுக் குதிர் நகர்ந்துவிடும். மொய்க்கடனை முதலும் மேலுமாகத் தீர்த்துவிடலாம். இந்தக் கடனைத் தீர்த்தேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் இரு வீட்டுக்கும் இடையில் ஏதோ முறிந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்தச் சித்திரத்தை அப்படியே பொன்னுலகமாக வர்ணித்துவிட்டுப் போவது உண்மைக்கு மாறாகும். ஒழித்து விட்ட வீடுகள் எல்லாருக்கும் ஒழித்து விட்டவையல்ல. வீதி எந்த ஜாதியாருடையதோ ஜாகையும் அந்த ஜாதியாருடையது. பந்தலுக்கு மேளம் வாசிக்க வந்தவனும், விறகு பிளந்தவனும், மூன்று நாளும் எங்கே படுத்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. சத்திரங்களிலும் பந்தி வேறு, கட்டு வேறு. தர்மசாலையிலும் சத்திரத்திலும் தீண்டாமை பாராட்டுவது குற்றம் என்று தேசத்துக்கெல்லாம் பொதுவான சட்டம் வருவதற்கு 1955 ஆகவேண்டியிருந்தது. அறை வாடகையைக் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொள்ளும் புதிய முறையை நான் பின்னால் சற்றுப் பரிகாசம் செய்யப்போகிறேன். ஆனால் வீதியில் வீடு கேட்கும் உரிமையே இல்லாதிருந்தவர்களுக்கு அந்தச் சாவி எவ்வளவு பெரிய சமாதானம் என்பதை மறந்துவிட்டு அல்ல.

சத்திரம் என்றேன். வழிப்போக்கருக்கு நிழலும் சோறும் கொடுப்பதை ராஜதர்மமாகக் கொண்ட நாடு இது. மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகள் அமைத்ததும் சத்திரங்கள் கட்டியதும் இன்றும் ஜனங்கள் வாயில் நிற்கின்றன. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரேயுள்ள சத்திரம் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கும்பினியார்கூட 1817-ல் ஏழாவது ரெகுலேஷன் என்று ஒன்று செய்து, கோயில் மானியங்களோடு சத்திரங்களையும் ரெவினியு போர்டின் கண்காணிப்பில் வைத்தார்கள். பழனியிலோ அடிவாரத்தைச் சுற்றிலும் ஒவ்வொரு ஊராரும் ஒவ்வொரு குலத்தாரும் தத்தமக்கென்று மடமும் மண்டபமும் கட்டிக்கொண்டார்கள். தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து நகரத்தார் நடந்து வரும் பாதயாத்திரையில் இன்ன இரவு இன்ன இடம் என்று தங்குமுறை தலைமுறைகளாக வகுக்கப்பட்டிருப்பதும், எடப்பாடியிலிருந்து வரும் அடியார் கூட்டம் மலைமீதே ஓர் இரவு தங்கும் உரிமையைப் போற்றிவருவதும் எல்லாரும் அறிந்தவை. கூட்டத்துக்கு ஒட்டுமொத்தமாக இடம் ஒதுக்கும் வித்தையைப் பழனி இந்த யாத்திரைகளிலேயே கற்றுக்கொண்டது. பூசமும் உத்திரமும் இல்லாத நாட்களில் அந்த மடங்களின் சாவியே சுற்றுவட்டாரக் கலியாணங்களுக்கும் கைமாறியது. பல சத்திரங்களில் மூன்று நாளுக்கு மேல் தங்கலாகாது என்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. கலியாணமும் மூன்று நாளாக இருந்தபடியால் இரண்டும் ஒத்துப்போயின.

1928-ல் திண்டுக்கல்லிலிருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சிக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் கலியாணத்தின் கால அளவு மாறியது. வண்டி மாட்டுக்கு இளைப்பாற ஓர் இரவு வேண்டும். ரயிலுக்கு அது வேண்டியதில்லை. பிறகு பஸ் வந்தது. வந்தவர்கள் விரைவாகத் திரும்பக் கற்றுக்கொண்டார்கள். மூன்று நாள் ஒன்றரை நாளாகச் சுருங்கிற்று. ஆனால் பிரம்ம முகூர்த்தம் மட்டும் சுருங்கவில்லை. நாலரைக்கும் ஆறுக்கும் இடையில் திருமாங்கல்ய தாரணம் என்று பத்திரிகையில் அச்சிட்டுவிட்டால், அந்த நேரத்துக்கு எந்த ரயிலும் பஸ்ஸும் ஆளைக் கொண்டுவந்து சேர்க்காது. ஆகவே முதல் நாள் இரவு என்ற ஒன்று அழியாமல் நின்றது. அந்த ஓர் இரவின்மீதுதான் இன்றைய விடுதி வியாபாரம் எழும்பி நிற்கிறது.

இடையில் கலியாண மண்டபம் வந்தது. மணமகன் அறை, மணமகள் அறை என்று இரண்டு அறைகளும், மற்றவர்களுக்கு மாடியில் ஒரு நீண்ட ஹாலும், ஹாலில் அடுக்கிவைத்த கோரைப்பாய்களும் அதன் இலக்கணம். அறுபதுகளில் 'வாஷிங்டனில் திருமணம்' என்று எழுத்தாளர் சாவி ஆனந்த விகடனில் எழுதிய நகைச்சுவைத் தொடர்கதையைத் தமிழ்நாடே விழுந்து விழுந்து வாசித்ததற்கு ஒரு ரகசியக் காரணம் உண்டென்று நினைக்கிறேன். ஒரு தென்னிந்தியக் கலியாணக் கோஷ்டியைக் கூண்டோடு இட்டுச்சென்று தங்கவைக்க அந்தக் கதையில் செலவை ஏற்கும் ராக்பெல்லர் சீமாட்டியின் பணப்பையே தேவைப்படும் என்பது, பெண்ணைப் பெற்ற ஒவ்வொருவருக்கும் அனுபவத்தில் தெரிந்த விஷயம்.

இப்போது எல்லாரும் ரூம் போடுகிறார்கள். பந்தல் போடுவது, கோலம் போடுவது, பாய் போடுவது, இலை போடுவது, மாலை போடுவது என்று கலியாணத்தின் சகல கிரியைகளையும் ஒரே வினைச்சொல்லில் நடத்திவிடும் நம் பாஷை, இந்தப் புது வழக்கத்தையும் சிரமமில்லாமல் அதே வரிசையில் உட்காரவைத்துவிட்டது. முன்பணம் கட்டி, இன்ன தேதிக்கு இத்தனை அறை என்று ஒரே பெயரில் நிறுத்திவைப்பதும், குறித்த நாளுக்குள் ஆள்கணக்குச் சொல்லாவிட்டால் மீந்த அறைகளை விடுதிக்காரர் வெளியாருக்கு விட்டுவிடுவதும் சீமை ஹோட்டல்களில் உள்ள அதே நடைமுறைதான். மூன்று நாள் கெடு 24 மணி நேரமாகிவிட்டது, அவ்வளவே. பழனிக்கு மட்டும் ஒரு தனிச் சங்கடம் உண்டு. ஆடியும் மார்கழியும் விலக்கான மாதங்கள். நல்ல முகூர்த்தங்கள் குவிவது தையிலும் பங்குனியிலும். பூசமும் உத்திரமும் வருவதும் அவற்றிலேயே. திருஆவினன்குடியில் தாலி கட்டுவதாக நேர்ந்துகொண்டவர்களும், காவடி எடுத்து வந்தவர்களும் ஒரே கட்டிலுக்குப் போட்டியிடுகிறார்கள். என் தங்கை மகள் கலியாணத்துக்குத் தை மாதத்தில் பன்னிரண்டு அறைகளுக்குப் பணம் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தோம். போய்ப் பார்த்தால் ஏழு அறைகளில் பச்சை வேஷ்டிகள் உலர்ந்துகொண்டிருந்தன. ரசீதில் தேதி போடவில்லை என்றார் கணக்குப்பிள்ளை. முருகன் அடியாரை எழுப்பி வெளியே போகச் சொல்ல எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

அன்றிரவு எஞ்சிய அறைகளைப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளையின் பெரிய தகப்பனாரை நான்தான் பாலசமுத்திரத்துக்கு வண்டியில் அழைத்துவந்தேன். எதிர்வீட்டுத் திண்ணைக்கு இப்போது கம்பிக்கதவு போட்டிருக்கிறார்கள். மணி பத்துக்கு மேல் இருக்கும். கதவைத் தட்டி விஷயத்தைச் சொல்லத் தொடங்குமுன் வீட்டுக்காரர் சாவிக்கொத்தோடு வந்து பூட்டைத் திறந்து, பழைய பவானி ஜமக்காளம் ஒன்றை இரண்டு உதறு உதறி விரித்து, தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீரும் வைத்துவிட்டு உள்ளே போனார். பெரியவர் நன்றாகத் தூங்கினார். காலையில் அவருக்கிருந்த ஒரே குறை, காப்பி சற்றுத் தாமதமாக வந்தது என்பதுதான்.