தஞ்சை அரியணையும் தத்துப்பிள்ளையும்

மராட்டிய மண்ணில் குடியேறி ஐரோலியில் சங்கம் வளர்த்துவரும் நமக்கு, தமிழ் மண்ணில் குடியேறிய மராட்டியரின் சரித்திரம் அந்நியமானதன்று. சத்ரபதி சிவாஜியின் மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பியாகிய ஏகோஜி 1676ஆம் ஆண்டு வாக்கில் தஞ்சையில் நிலைபெற்றார். அவருடைய வமிசம் 1855 வரை அங்கே விளங்கிற்று. அவ்வமிசத்தார் வளர்த்த சங்கீதத்தையும் சரசுவதி மகாலையும் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். நாம் இங்கே கூறப் புகுவது, அவ்வரியணை எவருக்கு உரியது என்னும் வினா எவ்வெவ்வாறு தீர்க்கப்பட்டது என்பதையே.

அரசுரிமைக்கு உறுதியான விதி இல்லாத நாட்டில் என்ன நேரும் என்பதை ருஷ்யச் சரித்திரம் நன்கு காட்டும். மன்னர் தமக்குப் பிடித்தவரை வாரிசாக நியமிக்கலாம் என்று மகா பீட்டர் 1722இல் சட்டம் செய்தார். ஆனால் எவரையும் நியமியாமலே 1725இல் மாண்டார். அதன்பின் அரண்மனைக் காவற்படையே அரசர்களை ஆக்கவும் அழிக்கவும் தலைப்பட்டது. தொட்டிற் குழந்தையாகிய ஆறாம் இவானை 1741இல் அரியணையினின்று இறக்கி, எலிசபெத் முடி சூடினார். சிறையிலேயே வளர்ந்த அவ்விளைஞன் 1764இல் கொல்லப்பட்டான்.

தஞ்சையிலும் ஏறக்குறைய அதே காலத்தில் அதே கூத்து நடைபெற்றது. துக்கோஜி 1736இல் இறந்தபின் மூன்றாண்டுகளுக்குள் நோயாளியான ஒரு மகன், அவருடைய விதவை சுஜான்பாய், அரச வமிசத்தவன் என்று சொல்லிக்கொண்டு வந்த ‘காட்டு ராஜா’ என மூவர் ஆண்டு மறைந்தனர். இவர்களை ஏற்றியும் இறக்கியும் ஆட்டுவித்தவன் கோட்டைத் தலைவனான சையது என்பவன். 1739இல் பட்டமெய்திய பிரதாபசிம்மர் அவனை ஒழித்த பிறகே அரண்மனை அமைதி கண்டது. ஆயினும், காட்டு ராஜா உதவி நாடிப் பிரெஞ்சுக்காரருக்குத் தருவதாக வாக்களித்த காரைக்கால் அவர்கள் கைக்குச் சென்றது சென்றதுதான்.

பிரதாபசிம்மரின் மகன் துளஜாவுக்குச் சந்ததி எஞ்சவில்லை. 1787இல் மரணப் படுக்கையில் இருந்தபோது, தம் குலத்தைச் சேர்ந்த சரபோஜி என்னும் பத்து வயது நிரம்பாத சிறுவனைத் தத்தெடுத்து, ஜெர்மானியப் பாதிரியாராகிய சுவார்ட்ஸிடம் ஒப்புவித்தார். ஆட்சிப் பொறுப்பைத் தம்பி அமரசிம்மர் வகிக்கட்டும் என்று பாதிரியார் யோசனை கூறினார். நல்லெண்ணத்துடன் கூறிய யோசனைதான். அதன் பயனை அவரே பின்னர் அனுபவித்தார்.

துளஜா மறைந்ததும் அமரசிம்மர் தாமே அரசர் என்றார். சென்னைக் கவர்னர் காம்பெல் பண்டிதர்களைக் கூட்டிச் சாஸ்திரம் கேட்டார். சிறுவன் தன் தந்தைக்கு ஒரே மகன், வயதும் கடந்தவன். ஆகவே தத்து செல்லாது என்றனர் அவர்கள். அமரசிம்மருக்கு அரசு கிடைத்தது. பண்டிதர்கள் கையூட்டுப் பெற்றனர் என்ற குற்றச்சாட்டு பின்னர் எழுந்தது.

சரபோஜி அரண்மனையில் வெளிச்சமின்றி அடைக்கப்பட்டதையும், கல்வி மறுக்கப்பட்டதையும் பாதிரியாரின் கடிதங்கள் கூறுகின்றன. ருஷ்யாவின் இவானுக்கு வாய்க்காத ஒரு காவலர் இச்சிறுவனுக்கு வாய்த்தார். அவருடைய இடைவிடாத முறையீட்டால் 1793இல் சரபோஜியும் துளஜாவின் விதவைகளும் சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே அவர் ஆங்கிலமும் பிற கலைகளும் பயின்றார்.

தத்து பற்றி மீண்டும் பண்டிதர்களைக் கேட்டனர். இம்முறை தத்து செல்லும் என்று விடை வந்தது. இரண்டு விடைகளுக்கும் இடையே சாஸ்திர நூல்கள் மாறிவிடவில்லை! அமரசிம்மர் முறைப்படி மணந்த மனைவியின் வயிற்றில் பிறந்தவரல்லர் என்பதும் அப்போதுதான் பெரிதாகப் பேசப்பட்டது. அக்குறை அவருடைய தந்தை பிரதாபசிம்மருக்கும் உண்டு என்பதை எவரும் பேசவில்லை. 1798இல் சரபோஜி அரியணை ஏறினார். அதைக் காணச் சுவார்ட்ஸ் உயிரோடில்லை. அவ்வாண்டு பிப்ரவரியிலேயே காலமாகிவிட்டார். பாதிரியாரின் மரணப் படுக்கையருகே சரபோஜி நிற்கும் சலவைக்கற் சிற்பத்தைத் தஞ்சைத் தேவாலயத்தில் இன்றும் காணலாம்.

பட்டத்துக்கு விலை இருந்தது. 1799 உடன்படிக்கையின்படி நாட்டின் ஆட்சி முழுவதும் கம்பெனிக்குச் சென்றது. அரசருக்கு எஞ்சியவை கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், வருவாயில் ஐந்திலொரு பங்குமே. அமரசிம்மர் திருவிடைமருதூருக்குச் சென்று 1802இல் மறைந்தார். அவரை முற்றிலும் கொடியவர் என்று கூற நாம் துணியோம். அவரைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி எதிர்த்தரப்பார் எழுதியதே. 1803இல் சரபோஜி தம் குல வரலாற்றைப் பெரிய கோயிற் சுவரில் மராட்டி மொழியில் பொறிக்கச் செய்தார். நம் குழந்தைகள் பள்ளியில் மராட்டி பயில்கின்றனர். விடுமுறையில் ஊர் செல்லும்போது அச்சுவரருகே அவர்களை நிறுத்தினால், தஞ்சாவூரார் பலர் படிக்க இயலாததை அவர்கள் எழுத்துக்கூட்டிப் படிப்பர்.

சரபோஜி 1832இல் மறைந்தார். அவருடைய மகன் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்தபோது, எந்தப் பண்டிதரையும் எவரும் கேட்கவில்லை. கம்பெனி அரசுரிமையை ஒழித்து, அரண்மனைச் சொத்துக்களையும் கைப்பற்றிக்கொண்டது. மூத்த விதவை காமாட்சிபாய் வழக்குத் தொடுத்துச் சென்னை நீதிமன்றத்தில் வென்றார். வழக்கு லண்டன் பிரிவி கௌன்சிலுக்குச் சென்றது. இஃது அரசாங்கம் தன் அதிகாரத்தால் செய்த செயல். இதனை விசாரிக்க எந்த நீதிமன்றத்துக்கும் உரிமையில்லை என்று 1859இல் அங்கே தீர்ப்பாயிற்று.