ஒரே பாட்டு, ஊருக்கு ஒரு விலை: இணைய இசைக் கடைகளில் ஏன் இந்த வேறுபாடு?

தீபாவளிக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினரின் கைத்தொலைபேசியில் ஒலிக்கும் பழைய பாட்டு நம் கைத்தொலைபேசியில் கிடைப்பதில்லை. சில வேளை பெயர் மட்டும் சாம்பல் நிறத்தில் மங்கித் தெரியும். தொட்டால் 'உங்கள் நாட்டில் இல்லை' என்று வரும். விலையும் அப்படித்தான். வூட்லண்ட்ஸில் இருக்கும் தம்பி, ஈப்போவில் இருக்கும் அக்கா, சென்னையில் படிக்கும் பிள்ளை மூவரும் ஒரே செயலிக்குச் சந்தா கட்டினாலும் தொகை ஒன்றாக இருக்காது. 'நம்மை ஏமாற்றுகிறார்களா?' என்று பலர் கேட்கிறார்கள். ஏமாற்று இல்லை. ஆனால் காரணம் தெரியாவிட்டால் காசும் போகும், ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்த பாட்டும் போகும்.

முதலில் விலையைப் பார்ப்போம். ஸ்பாட்டிஃபை 2013 ஏப்ரலில் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஒன்றாகவே வந்தது. மாதச் சந்தா இங்கே 14.90 ரிங்கிட், அங்கே 9.90 சிங்கப்பூர் வெள்ளி. அன்றைய மாற்று மதிப்பில் சிங்கப்பூர் விலை ஏறக்குறைய 24 ரிங்கிட். அதே நிறுவனம் 2019 பிப்ரவரியில் இந்தியாவில் நுழைந்தபோது வாங்கியது 119 ரூபாய், அதாவது 7 ரிங்கிட்டுக்கும் குறைவு. 2015 ஜூனில் தொடங்கிய ஆப்பிள் மியூசிக்கும் ஏறக்குறைய இதே கணக்கில்தான் வந்தது. இவை தொடக்க விலைகள். பிறகு ஏறி இறங்கியிருக்கின்றன. இடைவெளி மட்டும் மறையவில்லை.

பாட்டை அனுப்ப ஆகும் செலவுக்கும் இந்த விலைக்கும் பெரிய தொடர்பு இல்லை. அந்த ஊர் மக்களின் வருமானம் என்ன, போட்டிக் கடைகள் என்ன விலைக்குத் தருகின்றன, இலவசமாகவோ திருட்டுத்தனமாகவோ எவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது என்பதைப் பார்த்தே விலை வைக்கிறார்கள். இந்தியாவில் கானா, சாவன் போன்ற செயலிகள் விளம்பரத்தோடு இலவசமாகப் பாட்டுக் கொடுத்து மக்களைப் பழக்கிவிட்டன. நம் பக்கத்தில் அந்த வேலையைப் பாசார் மாலாம் குறுந்தட்டுகள் முன்பே செய்துவிட்டன. இதன்மேல் வரி வேறு. வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு மலேசியா 2020 ஜனவரி 1 முதல் 6 விழுக்காடு சேவை வரி விதித்தது. 2024 மார்ச் முதல் அது 8 விழுக்காடு. சிங்கப்பூரும் அதே 2020 ஜனவரியில் பொருள், சேவை வரியை இவற்றுக்கு நீட்டித்தது. இப்போது 9 விழுக்காடு.

நாட்டுக்கு நாடு விலை மாறுவதைத் தட்டிக் கேட்டவர்களும் உண்டு. ஐடியூன்ஸ் கடையில் ஒரு பாட்டுக்குப் பிரிட்டனில் 79 பென்ஸ், ஜெர்மனியிலும் பிரான்சிலும் 99 செண்ட். பிரிட்டிஷ்காரர்கள் கூடுதலாகக் கட்டினார்கள். பயனீட்டாளர் சங்கத்தின் புகாரை ஐரோப்பிய ஆணையம் விசாரித்தது. ஆறு மாதத்துக்குள் பிரிட்டன் விலையைக் குறைப்பதாக 2008 ஜனவரியில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. ஆசியானில் எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் அப்படி ஓர் ஆணையம் கிடையாது. ஜொகூர் பாலத்தின் இரு முனையிலும் இரு விலை இருப்பதைக் கேட்க ஆளில்லை.

பாட்டு ஏன் காணாமல் போகிறது?

இது இன்னும் சிக்கலானது. இணையக் கடை உங்களுக்குத் தருவது பாட்டை அல்ல, 'இந்த நாட்டில் இதைக் கேட்கலாம்' என்ற அனுமதியை. அந்த அனுமதியை நாடு நாடாக உரிமையாளரிடமிருந்து வாங்க வேண்டும். ஒரு பாட்டுக்கு உரிமையாளர் ஒருவர் அல்ல. ஒலிப்பதிவு ஒரு நிறுவனத்துடையது. மெட்டும் வரிகளும் வேறு கணக்கு.

தமிழ்த் திரைப்பாடலில் இந்தச் சிக்கல் அதிகம். பழைய ஒப்பந்தங்கள் இசைத்தட்டையும் ஒலிநாடாவையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அதில் இணையம் என்ற சொல்லே இருக்காது. வெளிநாட்டு உரிமை தனியாக விற்கப்பட்டதும் உண்டு. மலேசியாவின் அகி மியூசிக் நிறுவனத்துக்கும் இளையராஜாவுக்கும் இடையிலான வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் நடந்ததை வாசகர்கள் அறிவார்கள். பாட்டு பிறந்த நாட்டிலேயே தட்டுப்பாடு வந்த கதையும் உண்டு. நாய் படம் போட்ட எச்.எம்.வி. தட்டுகளின் வாரிசான சரிகம நிறுவனம் டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனதால், 2019-இல் அதன் பாடல்களை ஸ்பாட்டிஃபை இந்தியாவில் நீக்க வேண்டியதாயிற்று. 2020-இல் உடன்பாடு ஏற்பட்ட பிறகே அவை திரும்பின.

சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு. எழுதியவர் இறந்த பிறகு பதிப்புரிமை மலேசியாவில் 50 ஆண்டு, இந்தியாவில் 60, சிங்கப்பூரில் 70 ஆண்டு நீடிக்கும். கண்ணதாசன் 1981-இல் காலமானார். அவருடைய வரிகளின் உரிமை இங்கே 2031-இன் இறுதி வரை, இந்தியாவில் 2041 வரை, சிங்கப்பூரில் 2051 வரை. பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருபது ஆண்டு இடைவெளி.

உங்கள் கணக்கு எந்த நாடு?

ஜொகூர் பாருவில் குடியிருந்து சிங்கப்பூரில் வேலை செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைவிட உங்கள் கணக்கு எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறது என்பதே விலையையும் பட்டியலையும் பெரும்பாலும் முடிவு செய்கிறது. நாட்டை மாற்ற அந்த நாட்டுக் கடன்பற்று அட்டையோ வேறு கட்டண வழியோ தேவை. ஆப்பிள் கணக்கில் மீதித் தொகை இருந்தால் முதலில் செலவழித்துத் தீர்க்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய பாட்டுகளை மாற்றுவதற்கு முன்பே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். புதிய நாட்டுக் கடையில் அந்தப் பாட்டு இல்லாவிட்டால் மறுபடி இறக்க முடியாது. ஆப்பிள் குடும்பப் பகிர்விலும் வாங்கியவற்றைப் பகிர எல்லாருடைய கணக்கும் ஒரே நாட்டில் இருக்க வேண்டும். அப்பா மலேசியக் கணக்கு, மகன் சிங்கப்பூர்க் கணக்கு என்றால் நடக்காது.

விலை கொடுத்து வாங்கிய பாட்டுக்கும் சந்தாப் பாட்டுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரியும். ஐடியூன்ஸ் பாட்டுகளில் நகலெடுக்க முடியாத பூட்டு 2009-லேயே நீக்கப்பட்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கடை திறந்தது 2012 ஜூனில். ஆகவே இங்கே வாங்கிய பாட்டை விரலியில் எடுத்து வைத்தால் அது உங்களோடு இருக்கும். சந்தாவில் சேர்த்த பட்டியல் உரிமம் முடிந்த அன்று கரைந்துவிடும். அம்மாவுக்குப் பிடித்த பத்துப் பாட்டையாவது வாங்கி வைப்பது நல்லது என்பது என் எண்ணம்.

இந்திய விலையில் கணக்கு எடுத்துத் தருவதாகச் சிலர் விற்கிறார்கள். நாட்டை மறைத்துக் கணக்கு எடுப்பது விதிமுறைக்கு முரண். கணக்கை முடக்கினால் பட்டியலும் சேர்ந்து போகும். இன்னொன்றும் உண்டு: ஸ்பாட்டிஃபை கலைஞர்களுக்கான பங்கை நாடு வாரியாகச் சேரும் வருமானத்திலிருந்து பிரிக்கிறது. கிள்ளானில் பாட்டுப் போடும் நம் இளைஞருக்கு, மலேசியக் கணக்கிலிருந்து கேட்பதில் வரும் பங்கு பொதுவாக இந்தியக் கணக்கில் வருவதைவிடக் கூடுதல்.

கடைசியாக, 'இல்லை' என்று முடிவு கட்டும் முன் வேறு விதமாகத் தேடிப் பாருங்கள். பாடகர் பெயரைவிடப் படத்தின் பெயர் பயன்படும். தமிழ் எழுத்தில் கிடைக்காதது ஆங்கில எழுத்தில் கிடைக்கும். அதிலும் 'ழ' வரும் சொல்லை இரண்டு மூன்று விதமாக எழுதிப் பார்க்க வேண்டும். தமிழ் படித்தவருக்கு இது வருத்தம்தான், ஆனால் பாட்டு கிடைத்துவிடுகிறது.