தூக்க நோயும் வியன்னா மருத்துவரும்

தூக்கம் என்றால் களைத்த உடம்பு ஓய்வது, அவ்வளவுதான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியல்ல என்று காட்டியது ஒரு கொள்ளைநோய்.

1916-17 குளிர்காலத்தில் வியன்னாவில் டாக்டர் கான்ஸ்டன்டின் வான் எகனாமோ விசித்திரமான நோயாளிகளைக் கண்டார். சாப்பிடும்போதே தூங்கிப்போவார்கள், எழுப்பினால் பதில் சொல்வார்கள், விட்டால் மறுபடி உறக்கம். வாரக்கணக்கில் இப்படி. பின்னால் வந்த சிலருக்கோ நேர்மாறு, பொட்டுத் தூக்கமில்லை. இரண்டும் ஒரே மூளை அழற்சிதான்.

எகனாமோ கிரேக்க வணிகக் குடும்பத்துப் பிள்ளை. தகப்பனார் விருப்பப்படி முதலில் பொறியியல் படித்தவர். அதனாலோ என்னவோ, எந்தப் பாகம் பழுது என்றே தேடினார்! இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்ததில், ஓயாமல் தூங்கினவர்களுக்கு ஹைப்போதாலமஸின் பின்பகுதி நடுமூளையோடு சேருமிடம் கெட்டிருந்தது, தூங்காதவர்களுக்கு முன்பகுதி. ஆக, விழிக்கவைக்க ஓரிடம், தூங்கவைக்க வேறிடம். ஸ்கேன் இல்லாத காலத்தில் இதைச் சொன்னாரே, அதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

பிழைத்தவர்களில் பலர் பிற்பாடு பார்க்கின்சன் போன்ற விறைப்பு கண்டு சிலையாக உட்கார்ந்துவிட்டார்கள். 1969இல் நியூயார்க்கில் டாக்டர் ஆலிவர் சாக்ஸ் எல்-டோபா மருந்து கொடுத்தபோது, பல பத்தாண்டுகள் கழித்துச் சிலர் எழுந்து நடந்தார்கள், பேசினார்கள். பலருக்கு அது நீடிக்கவில்லை. நோய் எதனால் வந்தது என்பது இன்றும் துலங்கவில்லை.