இரண்டு கதவு, ஒரு சாவி

போன வாரம் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் தம்பி மகனோடு நடந்துகொண்டிருந்தேன். ராத்திரி இரண்டு மணி வரை அவன் அறையில் விளக்கு எரிந்ததைக் கேட்டேன். "நெட்வொர்க் கார்டு டிரைவர்ல டெட்லாக், பெரியப்பா" என்றான். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பிரெஞ்சில் இதை 'அந்தெர்ப்ளொக்காழ்' என்பார்கள். ஒருவரையொருவர் தடுத்து நிற்பது.

நெட்வொர்க் கார்டு, கம்ப்யூட்டரை வலையோடு இணைப்பது; டிரைவர் அதை இயக்கும் நிரல். ஒரு பகுதி எழுதும்போது இன்னொரு பகுதி குறுக்கிடாமலிருக்க அதற்குள் 'லாக்' என்ற பூட்டுகள் உண்டு. கார்டை நிறுத்தும் பகுதி பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பின்னணி வேலை முடியட்டும் என்று காத்திருந்தது. பின்னணி வேலையோ அதே பூட்டுக்காகக் காத்திருந்தது. பிழைச் செய்தி ஏதும் இல்லை. மெஷின் ஓடுகிறது, நெட்வொர்க் மட்டும் அப்படியே நிற்கிறது.

இந்தச் சிக்கலுக்கு வயது அதிகம். 1965-ல் நெதர்லாந்தின் டைக்ஸ்ட்ரா இதை மாணவர்களுக்குப் பரீட்சைக் கணக்காகக் கொடுத்தார். பூட்டுகளை எல்லோரும் ஒரே வரிசையில் எடுத்தால் சிக்கல் வராது என்று ஐ.பி.எம்.மின் ஹேவெண்டர் 1968-ல் எழுதினார். லினக்ஸில் 1996-ல் பல பிராசசர்களுக்கு ஆதரவு வந்தபோது ஒரே பெரிய பூட்டுதான் இருந்தது. வேகத்துக்காக அதைச் சிறு பூட்டுகளாகப் பிரித்தார்கள். பூட்டுகள் பெருகப் பெருக வரிசை மாறும் ஆபத்தும் பெருகியது. அந்தப் பழைய பூட்டு முழுதாக நீங்கியது 2011-ல்தான். இடையே 2006-ல் இங்கோ மோல்னாரும் ஆர்யன் வான் டி வெனும் 'லாக்டெப்' என்ற காவல்காரனைச் சேர்த்தார்கள். எந்தப் பூட்டுக்குப் பின் எது எடுக்கப்படுகிறது என்று குறித்துவைத்து, மெஷின் நிற்கும் முன்பே எச்சரிப்பான். அவனுடைய எச்சரிக்கை வரிதான் தம்பி மகனுக்கு வழிகாட்டியது.

இதைக் கேட்கையில் எனக்கு வராந்தா பெஞ்சு ஒன்று நினைவுக்கு வந்தது. நான் குமாஸ்தாவாக இருந்த ஓர் அலுவலகத்தில், இறந்துபோன ஊழியரின் மனைவி குடும்ப ஓய்வூதியம் கேட்டு வந்தார். நிலுவை இல்லைச் சான்று வந்தால்தான் பணிப்பதிவேட்டை அனுப்புவோம் என்றது எங்கள் செக்‌ஷன். பதிவேடு வந்தால்தான் சான்று தருவோம் என்றது கணக்குப் பிரிவு. இருவருமே விதிப்படி சரி. ஏழு மாதம் ஓடியது. அந்த அம்மாள் மாதாமாதம் அதே பெஞ்சில் உட்கார்ந்து, "கொஞ்சம் பாருங்க சார்" என்பார். 'சான்று எதிர்பார்க்கப்படுகிறது' என்று மூன்று நினைவூட்டல் எழுதியவன் நான். யாரும் லஞ்சம் கேட்கவில்லை, யாரும் சோம்பியிருக்கவும் இல்லை. பிறகு வந்த கண்காணிப்பாளர் இரண்டு கோப்பையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தார். "பதிவேடு முதலில் போகட்டும், சான்று பின்னாலே வரட்டும்" என்று எழுதினார். அரை மணி நேர வேலை.

தம்பி மகன் செய்ததும் ஏறக்குறைய அதுதான். பின்னணி வேலை இப்போது பூட்டைத் தட்டிப் பார்க்கிறது. கிடைக்காவிட்டால் அங்கேயே நிற்காமல் திரும்பிப் போய், பிறகு வருகிறது. நிறுத்தும் பகுதியும் தன் வேலையை முடித்துவிடுகிறது.

"மாத்தினது எவ்வளவுடா?" என்றேன். "நாலு வரி, பெரியப்பா. எங்கே மாத்தணும்னு கண்டுபிடிக்கத்தான் ரெண்டு நாள்."

எங்களுக்கும் தேவைப்பட்டது ஒரே வரிதான். அதைக் கண்டுபிடிக்க ஏழு மாதம் ஆயிற்று என்று நானும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நாங்கள் யாரும் தேடவே இல்லை என்பதுதான் உண்மை.