தமிழ்நாட்டு மகளிர் சுய உதவிக் குழுக்கள்

ஒரே ஊரில் அல்லது தெருவில் வாழும் 12 முதல் 20 பெண்கள் கூடிச் சிறுசிறு தொகையாகச் சேமித்து, அதிலிருந்து தமக்குள் கடன் கொடுத்து வாங்கி, நாளடைவில் வங்கிக் கடனும் பெறும் அமைப்பு மகளிர் சுய உதவிக் குழு. நிலப் பத்திரமோ நகையோ ஈடாகக் கேட்கப்படுவதில்லை. ஒருவர் தவணை தவறினால் குழுவே பொறுப்பு.

ஏழைகளுக்குக் கடன் தரும் ஏற்பாடுகள் தமிழகத்தில் பழையவை. சென்னை மாகாண அதிகாரி ஃபிரடெரிக் நிக்கல்சன் அளித்த அறிக்கையின் வழியே 1904இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. திருவள்ளூரை அடுத்த திரூரில் அதே ஆண்டு கடன் சங்கம் தோன்றியது. நிலமற்றவர்களை, அதிலும் பெண்களை, அச்சங்கங்கள் பெரிதாக எட்டவில்லை. 1978இல் ஜெயா அருணாசலம் சென்னையில் தொடங்கிய ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம், தெருவோர வியாபாரப் பெண்களுக்குக் கடன் கிடைக்க வழிசெய்தது.

இன்றைய வடிவிலான குழுக்கள் எங்கே தொடங்கின என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. கர்நாடகத்தில் மைராடா என்ற தொண்டு நிறுவனம் 1980களின் நடுவில் அமைத்த குழுக்களையே முன்மாதிரி என்பர் சிலர். தமிழ்நாட்டு அரசுப் பதிவுகள் 1989ஆம் ஆண்டின் தருமபுரியிலிருந்து கணக்கைத் தொடங்குகின்றன. 1983இல் உருவான மாநில அரசின் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அங்கு நடத்திய திட்டம் பின்னர் சேலம், தென்னார்க்காடு, மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களுக்குப் பரவியது. கடன் வழங்கும் பொறுப்பை இந்தியன் வங்கி ஏற்றது.

அக்காலத்துக் குழுக்களின் நடைமுறை விரிவாகப் பதிவாகியுள்ளது. வருகைப் பதிவேடு, தீர்மானப் புத்தகம், சேமிப்பு லெட்ஜர், ஆளுக்கொரு பாஸ் புத்தகம் எனக் குழுவுக்கென்று ஒரு சிறு அலுவலகமே இருந்தது. ஊக்குநர் ஒருவரும் பிரதிநிதிகள் இருவரும் வங்கிக்குப் போய்வந்தனர். கூட்டத்துக்குத் தாமதமாக வந்தால் அபராதம். அதுவும் தவறாமல் கணக்கில் ஏறியது. கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துப் போடப் பழகியது, திட்டத்தின் இலக்குகளுக்குச் சற்றும் குறையாத செய்தி. உள்கடனுக்குப் பெரும்பாலும் நூற்றுக்கு இரண்டு ரூபாய் மாத வட்டி. வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு, முழுத் தொகையையும் நாள்தோறும் சிறுகச் சிறுக வசூலிக்கும் தண்டல் கடனோடு ஒப்பிட்டால் இது குறைவு. வட்டிப் பணமும் குழுவிலேயே தங்கியது. ஆறு மாதம் ஒழுங்காக நடந்த குழுவைத் தரம் பார்த்து, சேமிப்பைப் போல் நான்கு மடங்கு வரை வங்கி கடன் தந்தது. முதல் கடன்கள் மருத்துவத்துக்கும் பள்ளிச் செலவுக்கும் பழைய கடனை அடைக்கவுமே அதிகம் போயின. அந்தச் சுமை இறங்கிய பிறகுதான் கறவை மாடு, தையல் மெஷின், இட்லிக் கடை என்று தொழிலுக்குக் கடன் கேட்கத் துணிவு வந்தது. முதல் கடனே தொழிலுக்கு என்று வற்புறுத்திய திட்டங்கள் இந்த வரிசையைக் கவனிக்கவில்லை.

ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 1992இல் 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனையைத் தொடங்கியது. தமிழ்நாட்டு அரசின் மகளிர் திட்டம் 1997 முதல் மாநிலமெங்கும் விரிந்தது. மதுரைப் பகுதியில் களஞ்சியம் என்ற பெயரில் இயங்கிய மகளிர் குழுக்களை வழிநடத்திய சின்னப்பிள்ளைக்கு ஸ்திரீ சக்தி விருது வழங்கிய மேடையில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

கடன் வறுமையை எந்த அளவு குறைத்தது என்பது தீராத விவாதம். சேமிப்பும் பேச்சுத் துணிவும் வளர்ந்தன என்பதைப் பலரும் ஏற்கின்றனர். வருமான உயர்வு குறித்தே ஐயம் நிலவுகிறது. பெண் பெயரில் வாங்கிய கடனைக் கணவர் செலவிட, தவணை மட்டும் அவள் தலையில் விழுந்தது என்ற புகாரும் உண்டு. லாப நோக்குடைய நுண்கடன் நிறுவனங்கள் பெருகிய பின் ஒரே வீட்டில் பல கடன்கள் சேர்ந்தன. ஆந்திரத்தில் 2010இல் வெடித்த நுண்கடன் நெருக்கடிக்குப் பிறகு அந்நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி தனி விதிகள் வகுத்தது.

குழுக்களின் பொருட்கள் இப்போது 'மதி' என்ற பெயரில் விற்பனையாகின்றன. கடனை வலுக்கட்டாயமாக வசூலிப்பதைத் தடுக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு 2025இல் இயற்றியது.